ஐந்தாவது கதிரை

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த முதியோர் இல்லத்தில், பதினோராம் அறைச் சுவரில், பழைய நாடக விளம்பரத் தாள் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஐம்பதுகளில் நியூயோர்க்கில் ஓடிய நாடகம். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு நடிகையின் பெயர். அந்த அறையில் இருந்த அமெரிக்கப் பெண்மணிதான் அந்த நடிகை என்று இல்லத்தில் எல்லாரும் நம்பினார்கள். பெயர் ஒத்துவராததற்கும் அவர்களே காரணம் வைத்திருந்தார்கள். மேடைப் பெயர் ஒன்று, டென்மார்க்காரரைக் கலியாணம் கட்டிய பிறகு வந்த பெயர் இன்னொன்று. அவர் ஓமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

அவருடைய பெயர் தாளின் அடியில்தான் இருந்தது. எறும்பு வரிசை மாதிரிச் சின்ன எழுத்து. ஒருநாள் காலையில் நான் தலை வாரிவிடும்போது கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, "உனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியுமோ?" என்று கேட்டார். எழுத்துக் கூட்டி வாசிப்பேன் என்றேன்.

"அப்ப அடி வரியை வாசி."

விரலை வைத்து வாசித்தேன்.

"அதுதான் நான். வேலைக்காரி வேசம். தட்டத்தோட வந்து ரெண்டு வசனம் சொல்லிப்போட்டுப் போறது."

எனக்கு ஏன் சொன்னார் என்று அப்போது யோசித்தேன். நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்திருக்கும். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டென்மார்க்குக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் டேனிஷ் என் வாய்க்குப் பழகவில்லை. அவர் ஐம்பது வருடம் இங்கே இருந்தும் அவருடைய டேனிஷை விட்டு அமெரிக்க உச்சரிப்புப் போகவில்லை. இரண்டு பேரும் உடைந்த பாஷையில் மெதுவாகக் கதைப்போம். அதனால் ஒருவருக்கு மற்றவரை நன்றாக விளங்கியது. மற்ற வேலையாட்கள் கதைக்கும் வேகத்துக்கு நான் தலையை ஆட்டி ஓம் சொல்வதோடு சரி. ஓம் என்று சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அங்கே வேலைக்கு ஒரு முறை இருந்தது. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு பராமரிப்பது என்று அதைச் சொல்வார்கள். முதியவருக்குத் தானாகச் செய்ய முடிந்ததை நாங்கள் செய்து கொடுக்கக் கூடாது. சட்டைப் பொத்தானோடு அவர் கால் மணித்தியாலம் மல்லுக்கட்டினாலும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கை கொடுத்தால் அவருடைய பலத்தைக் களவெடுப்பதாம். எங்கள் ஊர் ஆட்களுக்கு இது லேசில் வராது. பெரியவர் ஒருவர் தண்ணீர்க் குவளையை எட்டினாலே எங்கள் கை முந்திவிடும். கேட்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள். ஒரு கிழவருக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டதற்கு முதல் தரம் பேச்சு வாங்கினேன். இன்னொருவருக்குச் சப்பாத்து நாடா கட்டிவிட்டதற்கு இரண்டாம் தரம் எச்சரிக்கைக் கடிதமே தந்தார்கள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். சிரித்த முகத்தோடே சொன்னார். "நீ நல்ல மனுசி. ஆனால் உன்ரை நல்ல மனம் இவையளை முடமாக்குது."

எனக்குப் பயிற்சிப் பத்திரம் ஒன்றும் கிடையாது. ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் கிடந்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு, அறைக்குள் கால் வைத்த உடனேயே என் இரண்டு கையும் தானாகப் பின்னுக்குப் போய்விடும்.

அவருடைய நாடக வாழ்க்கையை நான் காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் இடையில் துண்டு துண்டாகக் கேட்டேன். சோளக்காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் தனியாக பஸ் ஏறி நியூயோர்க்குக்குப் போயிருக்கிறார். கையுறை விற்கும் கடையில் வேலை. கடை மூடும் நாட்களில் நாடகக் கொட்டகை வாசல்களில் வரிசை. அந்த வேலைக்காரி வேடம் கிடைத்தபோது அதோடு இன்னொரு பொறுப்பும் கொடுத்தார்கள். தலைமை நடிகைக்கு வருத்தம், காய்ச்சல் என்று வந்தால் அவருக்குப் பதிலாக இவர் ஏற வேண்டும். அதற்காக முழு வேடத்தையும் பாடமாக்கி வைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமைப் பின்னேரங்களில் வெறும் மேடையில் மற்றப் பதிலாட்களோடு ஒத்திகை. தலைமை நடிகை எந்தப் பலகையில் கால் வைக்கிறாரோ அதில்தான் வைக்க வேண்டும். அவர் எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கேதான் எடுக்க வேண்டும். ஒன்றரை வருடம் நாடகம் ஓடியது. ஒருநாளும் இவர் ஏறவில்லை.

"அந்த மனுசிக்கு ஒரு தும்மல் தடிமன்கூட வராது" என்றார். "ஒருக்காத்தான் காய்ச்சல் வந்தது. மேடைக்குப் பக்கத்திலை வாளி வைச்சிருந்தினம். சத்தியெடுத்துப்போட்டு, வாயைத் துடைச்சுக்கொண்டு ஏறினாள். நான் தட்டத்தோட நிண்டு பாத்தன். விழு, விழு எண்டு மனசுக்குள்ளை சொன்னன். விழேல்லை."

ஒரு புதன்கிழமை மத்தியானக் காட்சிக்குப் பனி கொட்டித் தெருவெல்லாம் அடைபட்டுவிட்டது. தலைமை நடிகையின் கார் வரவில்லை. இவருக்கு உடுப்புப் போட்டு, இடுப்பில் ஊசி குத்திச் சிறிதாக்கி, தலை கட்டி, பவுடர் பூசி முடித்தார்கள். இன்றைக்கு இந்த வேடத்தில் இன்னார் என்று துண்டுத் தாள் அடித்துச் சனத்துக்கும் கொடுத்தாகிவிட்டது. திரை விலக நாலு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. தலைமயிரில் பனியோடு உள்ளே வந்தவர், "தாங்ஸ், இனிக் கழட்டலாம்" என்றாராம்.

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது. முதுகுப் பக்கத்துக் கொக்கி எனக்கு எட்டாது. அவளேதான் கழட்டிவிட்டாள்."

அதற்குப் பிறகு கோடைகாலக் குழுக்களோடு ஊரூராகப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, சித்தி, கடைக்காரி. ஒரு காட்சி, இரண்டு காட்சி. முப்பத்திரண்டு வயதில், காகித இயந்திரம் பார்க்க அமெரிக்கா வந்த டென்மார்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு சில்க்போர்க் வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் மேடை ஏற அவருடைய டேனிஷ் காணாது. மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு இங்கிலீசு படிப்பித்தார். அதோடு போயிற்று அவருடைய தொழில்.

ஏற முடியாமல் போன அந்த வேடம், தன் வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்து உழைக்கும் ஒரு விதவையின் வேடம். கடைசி அங்கத்தில் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு வெறும் கதிரைகள். விதவை ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் நின்று, அதில் இருந்த ஆளோடு கதைக்கிறாள். பன்னிரண்டு நிமிடம் அவள் ஒருத்திதான். எண்பத்து நாலு வயதிலும் அது அவருக்கு நினைவில் நின்றது. நான் உடுப்பு எடுக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இல்லத்தில் மாதத்தில் ஒரு பின்னேரம் கோப்பியும் கேக்கும் வைத்து, ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களுக்கு ஏதாவது செய்து காட்டுவார். ஒருவர் அக்கோர்டியன் வாசித்தார். இன்னொருவர் தான் வளர்த்த புறாக்களின் படம் காட்டினார். பொறுப்பான பெண் வந்து இவரைக் கேட்டபோது உடனே சம்மதித்துவிட்டார். அந்தப் பெண் போன பிறகு இவர் என் கையைப் பிடித்தார். அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை.

"சாக முந்தி ஒருக்கா" என்றார். "சனத்துக்கு முன்னாலை. முதல் கதிரையிலையிருந்து ஏழாவது வரைக்கும். பேந்து எனக்குக் காணும், வேறொண்டும் வேண்டாம்."

ஆறு கிழமை ஒத்திகை பழகினோம். அறையில் இரண்டு கதிரைதான் இருந்தது. தள்ளுவண்டி, கட்டில் ஓரம், உடுப்புப் பெட்டி, பூச்சாடி வைக்கும் முக்காலி என்று மற்றவற்றைச் சமாளித்தோம். ஐந்தாவதுக்குக் கழிப்பறைக் கதிரையை இழுத்து வைத்தேன். "அந்த ஆளுக்கு அது பொருத்தம்" என்று சிரித்தார். இங்கிலீசு எனக்கு விளங்காது. ஐந்தாம் வகுப்பில் வாய்பாடு பாடமாக்கின மாதிரி, சத்தத்தைப் பிடித்துப் பிடித்து அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எனக்குப் பாடமாகிவிட்டது. கருத்தை அவர் பிறகு டேனிஷில் சொல்லித் தந்தார்.

அவர் நிற்பது எப்போதும் ஒரே இடத்தில்தான். நாலாவது கதிரை முடிந்து ஐந்தாவதுக்குப் போகும்போது சொல் வராது. அந்த இடத்து முதல் சொல் "சண்டே". ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மட்டும்தான் உன் தட்டைக் கழுவி வைத்தாய் என்று தொடங்கும். அந்தச் சொல் கிடைத்தால் போதும், மிச்சம் ஏழாவது வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"நான் நிண்டால் உன்னைப் பாக்க மாட்டன்" என்றார். "கேக்கவும் மாட்டன். நடிகை கேக்கிறேல்லை. நீ மனசுக்குள்ளை மூண்டு எண்ணு. பேந்து முதல் சொல்லை மட்டும் எடுத்துத் தா. ரெண்டாவது சொல்லைச் சொன்னியெண்டால் உன்னைக் கொல்லுவன். விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

செய்து காட்டும் நாள் காலையில் பொறுப்பான பெண் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். கொமூன், அதாவது நகரசபை அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறாராம். முதியவர்கள் இங்கே என்னென்னவெல்லாம் தாங்களாகவே செய்கிறார்கள் என்று அவருக்குக் காட்ட வேண்டுமாம்.

"நீ பக்கத்திலை நில். விழப் பாத்தால் பிடி. ஆனால் ஒரு சொல்லும் எடுத்துக் குடுக்கக் கூடாது. ஞாபகம் அவவின்ரை. மறந்தால் அவவே தேடட்டும். உன்னை எனக்குத் தெரியும், அதுதான் முதலே சொல்லுறன். சரியோ?"

"ஓம்" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம், அவர் கேட்டுத்தான் நான் சொல்கிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என் டேனிஷுக்கு அது கஷ்டமான வசனமும் இல்லை. பதினோராம் அறைக்குப் போய், எனக்கு இப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் ஓம் சொல்லிவிட்டு, அவர் இன்றைக்கு மறக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு மேசைக்குத் துணி விரிக்கப் போனேன்.

இரண்டரை மணிக்குச் சாப்பாட்டு அறை நிறைந்துவிட்டது. முப்பது முப்பத்தைந்து பேர் இருக்கும், பாதிப் பேர் சக்கர நாற்காலியில். நீலச் சட்டை, முத்துமாலை, உதட்டுச் சாயம் எல்லாம் அவரே போட்டுக்கொண்டார். நான் கோப்பி வண்டிலுக்குப் பக்கத்தில், அவருக்கு நாலடி தள்ளி நின்றேன். பொறுப்பான பெண் எழும்பி, நியூயோர்க்கின் பெரிய மேடையில் தலைமை வேடத்தில் நடித்தவர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, கொமூன்காரருக்குப் பக்கத்தில் முன் வரிசையில் இருந்தார்.

அவர் தொடங்கினார். அறைக்குள் பழகும்போது நான் கேட்ட குரல் இல்லை அது. கடைசி வரிசையில் எப்போதும் தூங்கும் கிழவர்கூட நிமிர்ந்து பார்த்தார். இங்கிலீசு தெரியாதவர்களும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். முதல் கதிரை முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது முடிந்தது. நாலாவதில் அவர் கதிரையின் முதுகைத் தடவினார். பிறகு ஐந்தாவதுக்கு முன்னால் போய் நின்றார்.

சொல் வரவில்லை.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சொல் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போகாதவனும் அறிந்த சொல். பொறுப்பான பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. கண்ணை மட்டும் மெதுவாக மூடித் திறந்தார், பொறு என்கிற மாதிரி. என் கைகள் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. பத்து வரை எண்ணினேன். இருபது வரை எண்ணினேன். ஆரோ ஒருவர் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்த சத்தம் கேட்டது.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். பார்க்க மாட்டேன் என்று சொன்னவர் பார்த்தார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

பொறுப்பான பெண் கை தட்டத் தொடங்கினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். கொமூன்காரர் எழும்பி நின்றே தட்டினார். நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள், முடியவில்லை என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரித்தான் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த மனுஷி அவருடைய முழங்கையைத் தட்டி, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலக் கெட்டிக்காரி என்றார். மூன்று கதிரை மிச்சம் இருந்தது. அவற்றில் ஆட்கள் வந்து இருந்து கேக் சாப்பிட்டார்கள்.

அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் இருத்தினேன். முத்துமாலையைக் கழற்ற நேரம் எடுத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றி முடித்துவிட்டுக் கேட்டார்.

"நீயும் மறந்துபோனியோ?"

"ஓம்" என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பதிலாளுக்குப் பதிலாள்" என்றார். "சனத்தைக் கண்டால் உப்பிடித்தான். நான் அம்பது பேரைப் பாத்திருக்கிறன். நாக்கு ஒட்டிப்போகும். உன்னிலை பிழையில்லை." என் கன்னத்தில் தட்டினார். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

அடுத்த கிழமை பொறுப்பான பெண் எனக்கு ஒரு பூங்கொத்துத் தந்தார். மற்ற வேலையாட்களுக்கு முன்னால், நான் இந்த முறையைக் கடைசியில் பழகிக்கொண்டேன் என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே ஏலாமல் இருந்தது.

பூவை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மகளும் வந்திருந்தாள். எதற்குப் பூ என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். என் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடி சொன்னார்.

"இஞ்சை இத்தனை வருசமா நான் கத்தக் கத்த வாய் திறக்காதவ, அங்கை போய் இங்கிலீசிலை திறப்பாவோ. நீர் திறந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்."

மகள் சிரிக்கவில்லை. டேனிஷிலேதான் கேட்டாள். "அம்மா, ஒரு சொல்லுக்காக ஆர் உங்களை நிப்பாட்டுறது? யூனியன் எண்டு ஒண்டு இருக்கு. சொல்லிப்போட்டு, பேந்து அந்தப் பொறுப்பானவ கேட்டிருந்தால் விளங்கப்படுத்தியிருக்கலாம். அவ்வளவுதானே."

"உனக்கு லேசு பிள்ளை" என்றேன்.

"லேசுதான்" என்றாள்.

அதுதான் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. அவள் சொன்னது சரியாக இருக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒருவரும் என்னை வேலையால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். இந்த நாட்டில் இத்தனை வருடமும் நான் சுமந்த பயத்தை என் தலையில் ஏற்றிவிட்டது ஆர் என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை.

பதினோராம் அறையில் அதற்குப் பிறகு நாடகக் கதை நின்றுபோனது. விளம்பரத் தாளைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். நான் காலுறையை எடுத்துக் கொடுப்பேன், அவர் போடுவார். வெளியே மழையா என்று கேட்பார். என்னோடு அன்பாகத்தான் இருந்தார். அந்த அன்பு எனக்குத் தாங்கவில்லை.

பங்குனி மாதம் பொறுப்பான பெண் மறுபடி வந்தார். கொமூன்காரருக்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம், இன்னொரு முறை செய்யலாமா என்றார். "சின்னதாச் செய்வம். முதல் நாலு கதிரை மட்டும் காணும்."

"நாலு கதிரையோட ஆர் வீடு நடத்துறது" என்றார் இவர். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார். "ஏழும் செய்யலாமெண்டால் செய்வன். என்ரை தலையும் போச்சு, உன்ரை தலையும் போச்சு. ஆரை நம்பி ஏறுறது."

அப்போது அவர் நன்றாக மெலிந்துவிட்டார். கட்டிலை விட்டு எழும்புவதே பெரிய பாடு. இன்னும் ஒரு மாதம் போனால் நிற்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை சொல்லுவேன், ஆர் முன் வரிசையில் இருந்தாலும் சொல்லுவேன் என்று எனக்குள் முடிவெடுத்தேன். அதை அவருக்கு எப்படி நம்பவைப்பது என்றுதான் தெரியவில்லை. டேனிஷில் அவ்வளவு நீளமாக எனக்குக் கதைக்க வராது.

அடுத்த நாள் காலை கதவைச் சாத்திவிட்டு, அவருடைய கட்டில் காலடியில் நின்று முதல் கதிரையிலிருந்து தொடங்கினேன். என் வாழ்க்கையில் ஒருவருக்கு முன்னால் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. என் இங்கிலீசு எப்படி இருந்திருக்குமோ தெரியாது. முதல் நாலு கதிரைக்கும் அவருடைய உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது. ஐந்தாவதில் சண்டே என்று நான் நிற்காமல் சொன்னபோது உதடு நின்றுவிட்டது. நான் கவனித்தேன். ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. ஏழாவது வரை சொல்லி முடித்தேன்.

"நீங்கள் செய்யுங்கோ" என்றேன். "எனக்கு முழுக்கத் தெரியும். நான் சொல்லித் தருவன்."

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் தெரியுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இதற்கு முன் எத்தனையோ பொய் ஓம் சொல்லியிருக்கிறேன். உண்மையாகவே ஒரு பொய் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

"ஓம்" என்றேன்.

"மறந்துபோனாய் எண்டுதான் நான் உன்னை மன்னிச்சனான்" என்றார்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சன்னலைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சன்னல் சாத்தித்தான் கிடந்தது. நான் போய் அதன் பிடியை ஒருதரம் இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நாளிலிருந்து அவருக்குத் தலை வார வேறொருத்தி போனாள்.